சந்தா கட்டியாச்சு, அப்புறம்?

சமூகவியல் சங்கம் ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருப்பவரிடம் அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டுப் பாருங்கள். மாநாட்டுக் கட்டணத்தில் கொஞ்சம் சலுகை உண்டு, இதழ் படிக்கலாம், தற்குறிப்பில் ஒரு வரி கூடும் என்பார்கள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, அடிக்கடி ஒரு மின்னஞ்சல் வரும் என்பார்கள், அதுவும் ஏதோ தொந்தரவைச் சொல்வது மாதிரி. எனக்கென்னவோ, கட்டிய சந்தாவுக்குக் கிடைக்கும் ஒரே உருப்படியான பொருள் அந்த மின்னஞ்சல்தான் என்று படுகிறது. அதிலும் மேல்பாதி இல்லை. மேல்பாதியில் தலைவரின் செய்தி, கைகுலுக்கும் படங்கள், போன மாநாடு எவ்வளவு சிறப்பாக நடந்தது என்ற வர்ணனை. கீழ்ப்பாதிக்கு வந்தால்தான் கட்டுரை அழைப்பு, பயண உதவித்தொகை, பரிசுக்கான பரிந்துரை, இதழாசிரியர் தேவை என்ற அறிவிப்பு, பின்முனைவர் ஆய்வு வேலை எல்லாம், ஒவ்வொன்றும் இரண்டு வரியில், பக்கத்தில் ஒரு கடைசித் தேதியோடு கிடக்கும்.

இந்த வாய்ப்புகள் திறமைசாலிகளுக்குத்தான் போகின்றன என்று நினைத்துக்கொண்டு பலர் விண்ணப்பமே போடுவதில்லை. திறமை வேண்டும்தான். ஆனால் சில இடங்களில் விண்ணப்பங்களைப் படிக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், வந்து சேரும் குவியல் நீங்கள் கற்பனை செய்வதைவிட மிகச் சிறியது. அதிலும் கேட்ட ஆவணத்தை இணைக்காதவை, தேதி கடந்து வந்தவை, "எங்களுக்கு இப்படி ஒரு குழு இருப்பதே இன்றுதான் தெரியும்" என்ற தொனியில் எழுதப்பட்டவை போக மிச்சமிருப்பவற்றில்தான் போட்டியே.

பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1949இல் யுனெஸ்கோவின் ஆதரவில் ஆஸ்லோவில் தொடங்கப்பட்டது, அடுத்த வருடமே சூரிச்சில் முதல் மாநாடு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலக மாநாடு, கோவிட் புண்ணியத்தில் 2018 டொராண்டோவுக்கு அப்புறம் மெல்போர்னுக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நடுவில் 'ஃபோரம்' என்று இன்னொரு பெரிய கூட்டம், 2008இல் பார்சிலோனாவில் ஆரம்பித்தது, 2025இல் மொராக்கோவின் ரபாத்தில் நடந்தது. அடுத்த உலக மாநாடு 2027இல் தென்கொரியாவின் குவாங்ஜுவில். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரியாதது, அல்லது தெரிந்தும் கண்டுகொள்ளாதது, இந்தச் சங்கத்தின் உயிர் இருக்கும் இடம் ஆய்வுக்குழுக்கள் என்பது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு நிர்வாகக் குழு, தனி உறுப்பினர் பட்டியல். குடும்பத்துக்கு 6, நகரத்துக்கு 21, சமூக அடுக்குமுறைக்கு (சமூகம் மேல், கீழ் என்று அடுக்கப்பட்டிருப்பதை ஆராய்வது) 28, உழைப்பு இயக்கங்களுக்கு 44. சமூக அடுக்குமுறைக் குழு உலக மாநாட்டுக்கெல்லாம் காத்திருப்பதில்லை, வருடத்துக்கு இரண்டு கூட்டம் தனியாக நடத்திக்கொண்டே இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்துவிட்டு ஆய்வுக்குழுவில் சேராமல் இருப்பது, நூலகத்தில் உறுப்பினராகிவிட்டு வாசலிலேயே நிற்பது போலத்தான்.

குழுவில் ஏன் சேர வேண்டும் என்பதற்கு ஒரு கறாரான காரணம் உண்டு: பணம். உலக மாநாட்டுக்குப் பயண உதவி தலைமையகத்திலிருந்து நேராக உங்கள் கைக்கு வருவதில்லை. பெரும்பாலும் ஆய்வுக்குழு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சந்தா பாக்கி இல்லாத உறுப்பினராக இருக்க வேண்டும், அந்தக் குழுவின் அமர்வில் உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். உறுப்பினர் கட்டணம் நாட்டின் வருமானத்தைப் பொறுத்து மூன்று பிரிவாக இருக்கிறது, உதவியில் முன்னுரிமை கீழ் இரண்டு பிரிவு நாடுகளுக்கு. ஆக, தகுதி நிறைய பேருக்கு இருக்கிறது. ஆனால் கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்த பிறகுதான் சந்தா காலாவதியாகி இருப்பது பலருக்கு ஞாபகம் வரும்.

தேதிகளின் வரிசையும் முக்கியம். கட்டுரைச் சுருக்கம் கேட்கும் அறிவிப்புதான் ஆரம்பம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் மாதக்கணக்கில் முன்னாலேயே அமர்வு முன்மொழியச் சொல்லி ஒரு அழைப்பு வந்திருக்கும். என்னைக் கேட்டால் முழு மின்னஞ்சலிலும் மதிப்பு அதிகமான வரி அதுதான். அமர்வை முன்மொழிந்து அது ஏற்கப்பட்டுவிட்டால் யாருடைய கட்டுரைகளைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் தலைப்பில் வேலை செய்கிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து உங்களுக்கே எழுதுகிறார்கள். பேராசிரியராக இருந்தால்தான் முன்மொழியலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து அனுப்பினால் குழுக்கள் சந்தோஷமாகவே எடுத்துக்கொள்கின்றன, ஏனென்றால் நல்ல முன்மொழிவுகள் அவர்களுக்கும் பஞ்சம்தான்.

சுருக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அமர்வு நடத்துகிறவர் ஒரு மாலையில் நாற்பது, ஐம்பது சுருக்கங்களைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் 300 சொற்களில் முதல் 200 சொற்களை உலகமயமாதல், நவதாராளவாதம், அதில் மாறிவரும் உறவுகள் என்று செலவழித்துவிட்டு, கடைசி வரியில் "இக்கட்டுரை இதனை ஆராய முயல்கிறது" என்று முடித்தால் அவர் என்ன செய்வார்? எத்தனை பேரிடம் பேசினீர்கள், எங்கே, எந்த வருடங்களில், என்ன கண்டீர்கள் என்று மூன்று வரி இருந்தால் போதும், அந்தச் சுருக்கம் மேலே வந்துவிடும். "வீட்டு வேலை செய்யும் பெண்கள் செயலி வழியாக வேலை தேடும்போது முதலாளியின் முகமே தெரியாமல் போகிறது, அதனால் சம்பளத் தகராறு யாரிடம் போகிறது என்பதே மாறிவிடுகிறது" - இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் நான் என்றால் உடனே எடுத்துக்கொள்வேன், ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும். ஏற்கப்பட்ட பிறகு இன்னொரு கண்ணி இருக்கிறது. குறித்த தேதிக்குள் பதிவுக் கட்டணம் கட்டாத பேச்சாளரின் பெயர் நிகழ்ச்சி நிரலிலிருந்து போய்விடும், கெஞ்சினாலும் வராது.

விருதுகள் விஷயத்தில் நம் ஆட்களுக்கு இருக்கும் கூச்சம் தனி ரகம். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் பிரிவுகள் பல மாணவர் கட்டுரைக்கென்று வருடாவருடம் பரிசு தருகின்றன, அவற்றில் நிறைய இடங்களில் தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். அந்த வரியைப் பார்த்துவிட்டும் யாராவது நம்மைப் பரிந்துரைக்கட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. பிரிட்டிஷ் சங்கம் ஒருவர் தனியாக எழுதிய முதல் நூலுக்கென்றே பிலிப் ஆப்ரம்ஸ் என்ற சமூகவியலாளரின் பெயரில் ஒரு பரிசு வைத்திருக்கிறது. முதல் நூலுக்கு மட்டும் என்பதால் ஒருவருக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் அதற்குத் தகுதி, தேதியைத் தவறவிட்டால் போனது போனதுதான். பன்னாட்டுச் சங்கம் இளம் சமூகவியலாளர்களுக்கு உலக அளவில் கட்டுரைப் போட்டி நடத்துகிறது, வெல்கிறவர்களை உலக மாநாட்டுக்கு அழைக்கிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்கான ஆய்வுப் பட்டறையும் உண்டு, சிறு குழுவாக உட்கார்ந்து ஒருவர் ஆய்வை மற்றவர் பிரித்துப் போடுவார்கள். மாநாட்டில் பன்னிரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்குவதைவிட இது பல மடங்கு மேல்.

பணமும் இல்லை, பயணமும் முடியாது என்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. பன்னாட்டுச் சங்கத்தின் 'குளோபல் டயலாக்' இதழை மைக்கேல் புராவோய் 2010இல் ஆரம்பித்தார், அந்தச் சங்கத்தின் தலைவராக அவர் பொறுப்பேற்ற வருடம் அது. சமூகவியலை வகுப்பறைக்கு வெளியே இருக்கிறவர்களோடு பேச வைக்க வேண்டும் என்று 2004இல் அமெரிக்கச் சங்கத்தின் தலைவர் உரையில் வாதாடிய மனிதர், 2025 பிப்ரவரியில் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த இதழ் பல மொழிகளில் வருகிறது, மொழிபெயர்க்கிறவர்கள் அந்தந்த நாட்டுச் சமூகவியலாளர்களும் மாணவர்களும்தான். சம்பளம் கிடைக்காது. ஆனால் மொழிபெயர்க்கும்போது ஒரு கட்டுரையை எவ்வளவு நெருக்கமாகப் படிக்க வேண்டியிருக்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும், உலகின் இன்னொரு மூலையில் இருக்கும் ஆசிரியர் குழுவோடு பழக்கமும் ஏற்படும். இதழ்களுக்குக் கட்டுரை மதிப்பீட்டாளராக வருகிறேன் என்று முன்வருவதும் இதே கதைதான். இரண்டு வரித் தற்குறிப்பும் தன் துறைச் சொற்களும் எழுதி அனுப்பினால் பதிவு செய்துகொள்வார்கள். மூன்று கட்டுரைகளுக்கு ஒழுங்காக, தேதிக்குள் மதிப்பீடு எழுதிக் கொடுத்தவரை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார், அப்படி எழுதுகிறவர்கள் அவ்வளவு குறைவு.

இதையெல்லாம் சொல்லும்போது சங்கங்களுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். ஏற்றத்தாழ்வைப் பற்றி ஆயிரம் கட்டுரை வாசிக்கப்படும் அரங்கிற்குள் நுழைவதற்கே கட்டணம், விமானச் செலவு, விசா என்று மூன்று சுவர்கள். விசா மறுக்கப்பட்டவர் அனுப்பும் கடிதத்துக்கு "வருந்துகிறோம்" என்று பதில் வரும், கட்டிய கட்டணம் திரும்பி வருமா என்பது விதிமுறையின் எந்தப் பத்தியில் நீங்கள் விழுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றும் பன்னாட்டுச் சங்கத்தின் மொழிகள் என்றாலும் நடைமுறையில் ஆங்கிலம்தான் ஓடுகிறது. நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தத்தில் பாடம் எடுப்பவருக்கும் மூத்த பேராசிரியருக்கும் பதிவுக் கட்டணம் ஒன்றே என்றால் அந்தச் சங்கம் தன் சொந்தப் பாடப் புத்தகத்தையே படிக்கவில்லை என்று அர்த்தம். சில சங்கங்கள் வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு மாறியிருக்கின்றன, மற்றவற்றை மாற்ற வைக்க உறுப்பினர்களிடம் இருக்கும் ஒரே கருவி வருடாந்திரப் பொதுக்குழுவும் தேர்தலும். வாக்குச்சீட்டும் அதே மின்னஞ்சலில்தான் வருகிறது, அதையும் யாரும் திறப்பதில்லை. ஆய்வுக்குழு நிர்வாகத் தேர்தல்களில் போட்டியிட ஆள் கிடைக்காமல் பழைய ஆட்களே தொடர்வதும் சகஜம். மாணவர் பிரதிநிதி, செய்திமடல் ஆசிரியர் மாதிரியான பதவிகள் சும்மா கிடக்கும், கை தூக்கினால் உங்களுக்குத்தான்.

வேலைவாய்ப்புப் பகுதியை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். அறிவிப்பு வரும்போதே ஆள் முடிவாகிவிட்ட இடங்கள் உண்டு, அதைக் கண்டுபிடிக்கத் தகுதிப் பட்டியலைப் பார்த்தால் போதும், யாரோ ஒருவரின் தற்குறிப்பைப் பார்த்து எழுதியது போல இருக்கும். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வரும் வேலைகளைத் தள்ளிவிடாதீர்கள். கணக்கெடுப்பு நிறுவனங்கள், பொதுச் சுகாதாரத் திட்டங்கள், நகரத் திட்டமிடல், செயலிகளின் பயனர் ஆய்வு என்று களப்பணி தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள், நேர்காணல் எடுக்கத் தெரிந்த நமக்கு அது புதிய தொழில் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சங்கத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு, "உங்கள் மகத்தான ஆய்வைப் படித்து வியந்தோம்" என்று தொடங்கி, இரண்டே வாரத்தில் மாநாட்டில் பேசக் கூப்பிடும் கடிதங்களும் வருகின்றன. சமூகவியல், பொறியியல், பல் மருத்துவம் எல்லாம் ஒரே மேடையில் என்றால் அது மாநாடு இல்லை, வசூல். அழைப்பில் ஆய்வுக்குழுவின் எண் இருக்கிறதா, அமர்வு நடத்துகிறவரின் பெயர் அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இருக்கிறதா, சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதம் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் என்றால் சங்கச் செயலகத்துக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள், அவர்கள் பதில் போடுவார்கள்.