டிசபிலிட்டி பென்ஷன் மேல்முறையீடு: மறுப்புக் கடிதத்திலிருந்து தீர்ப்பாயம் வரை

ராணுவத்தில் லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது உடல்தகுதி குறைந்தவர் என்ற நிலையில், ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கடைசி மாதங்களில் ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்ற மருத்துவக் குழுப் பரிசோதனை நடக்கும். பின்னால் வருஷக்கணக்கில் நாம் எதற்காக மனு போட்டுக்கொண்டிருக்கிறோமோ, அது அந்தப் படிவத்தின் சில வரிகளில்தான் இருக்கிறது. நோய் என்ன, உடல் பாதிப்பு எத்தனை சதவீதம், பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, இரண்டும் இல்லையா. எனக்கு உயர் ரத்த அழுத்தம், 30 சதவீதம், வாழ்நாளுக்கும் என்று எழுதினார்கள். கடைசிக் கேள்விக்கு 'இரண்டும் இல்லை'. எல்லை, போர்முனை அல்லாத அமைதிப் பகுதியில் இருந்தபோது நோய் தொடங்கியது என்பதுதான் சொன்ன ஒரே காரணம்.

2012இல் ஹவில்தாராக வீட்டுக்கு வந்தேன். சர்வீஸ் பென்ஷனில் சிக்கல் இல்லை. உடல் பாதிப்புக்காக அதோடு சேர்த்துத் தரும் டிசபிலிட்டி எலிமெண்ட் கிடையாது என்று தனியாக ஒரு கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்று அதன் அடியில் இருந்தது. செய்தேன், தள்ளுபடி. இரண்டாவது மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதினேன், அதுவும் தள்ளுபடி. இந்த இரண்டு கட்டத்திலும் நம்மை யாரும் நேரில் கூப்பிட்டுக் கேட்பதில்லை. போர்டு எழுதின அதே காகிதத்தைத்தான் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். வந்த பதிலும் போர்டின் வரியை அப்படியே திருப்பிச் சொன்னது.

இதோடு விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். எங்கள் வேலூர் பக்கம் ஊருக்கு நாலு பேராவது பட்டாளத்துக்காரர்கள் இருப்பார்கள். பக்கத்து ஊரில் இருந்த ஒரு சுபேதார் சாப் என் காகிதங்களை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இல்லைன்னு எழுதினா மட்டும் போதாது. ஏன் இல்லைன்னும் அவங்கதான் எழுதணும். நீ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் நம்பவில்லை. ஆனால் சட்டம் அதைத்தான் சொல்கிறது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர் 1985இல் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சிப்பாயாகச் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994இல் வெளியே அனுப்பப்பட்டார். அவருக்கும் போர்டு 'பணியோடு தொடர்பில்லை' என்றுதான் எழுதியிருந்தது. 1982ஆம் ஆண்டு விதிகளை வைத்து நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். அப்புறம் உடம்பு கெட்டால் அது பணியால் கெட்டது என்றே கருத வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்குப் போக வேண்டும். காரணம் எழுதாத போர்டின் கருத்தை அப்படியே ஏற்க முடியாது.

சரி, காகிதம் சேர்க்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, எங்கள் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினேன். சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு, ரிலீஸ் போர்டின் முழு நகல், எந்தெந்த இடத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தேன் என்ற விவரம் எல்லாவற்றையும் கேட்டேன். இந்தக் கடைசித் தாள்தான் என் வழக்கில் பெரிதாக உதவியது. கார்கில் பக்கம் திராஸில் இருந்துவிட்டு, அடுத்து இன்னொரு ஃபீல்டு போஸ்டிங்கையும் (களப் பகுதிப் பணி) முடித்து, அமைதிப் பகுதிக்கு வந்த கொஞ்ச நாளில் எனக்கு பி.பி. கண்டுபிடிக்கப்பட்டது என்பது தேதியோடு அதில் இருந்தது. கண்டுபிடித்த இடம் அமைதிப் பகுதி என்பதால் நோயும் அங்கேதான் தொடங்கியது என்று ஆகிவிடாது.

மனு போட்டது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில். 2007 சட்டப்படி அமைந்து 2009இல் இயங்கத் தொடங்கிய தீர்ப்பாயம் அது. அமர்வில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் நீதித்துறை உறுப்பினர், இன்னொருவர் ராணுவத்தில் உயர்பதவியில் இருந்து வந்த நிர்வாக உறுப்பினர். இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. என் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. ஆனால் பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுகிற விஷயம் என்பதால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போடலாம். அதற்கு ஒரு விலை உண்டு. 2008இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்புப்படி நிலுவைத்தொகை பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். எத்தனையோ பேர் இது தெரியாமல் பத்து, பதினைந்து வருஷப் பணத்தை இழந்து நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அரசுத் தரப்பு பதில் மனு, எங்கள் மறுமொழி, இடையில் வாய்தாக்கள் என்று நாள் ஓடியது. வாதம் நடந்தது கொஞ்ச நேரம்தான். நிர்வாக உறுப்பினர் அரசு வக்கீலிடம் கேட்டார்: சேரும்போது குறிப்பு ஏதாவது இருக்கிறதா? இல்லை. அமைதிப் பகுதி என்பதைத் தவிர போர்டு வேறு காரணம் எழுதியிருக்கிறதா? இல்லை. அமைதிப் பகுதியிலும் பணி அழுத்தம் உண்டு, நோய் பணியால் அதிகமானது என்றே கொள்ள வேண்டும் என்று உத்தரவில் எழுதினார்கள். 30 சதவீதத்தில் கை வைக்கவில்லை. சதவீதம் மருத்துவர்கள் சொன்னது, அது சரியா என்று நானும் கேட்கவில்லை.

ஆனால் 30 சதவீதம் 50 ஆனது. இதற்கு ரவுண்டிங் ஆஃப் என்று பெயர். 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. முதலில் நோயால் பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இதைக் கொடுத்துவந்தார்கள். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்றது. 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 சதவீதத்துக்கு மாதம் 3,600 வரும். ரவுண்டிங் ஆனால் 6,000. அகவிலைப்படி தனி.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இது கிடைக்கவில்லை. அவருக்குப் போர்டு போட்டது 20க்கும் குறைவு. பணிக்காலம் முடித்து வந்தவருக்கு 20 சதவீதமாவது இருந்தால்தான் டிசபிலிட்டி எலிமெண்ட் என்று 2019இல் எஸ்.பி. ராத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே உடல்நிலையில் பாதியில் அனுப்பப்பட்டிருந்தால், அப்படி அனுப்பப்பட்டவர்களுக்குச் சாதகமான சுக்விந்தர் சிங் தீர்ப்பைக் காட்டி வாதாடியிருக்கலாம். ஒரே பனியில் நின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உத்தரவு வந்த கையோடு பணம் வந்துவிடவில்லை. தீர்ப்பாயம் கொடுத்த கெடு தாண்டியதும் உத்தரவை நிறைவேற்றக் கோரி இன்னொரு மனு போட வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம்தான் புது பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) வந்தது, நிலுவையும் சேர்ந்து வந்தது. இந்த மனுவுக்கும் சேர்த்தே முதலிலேயே வக்கீலிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வருகிறவர்களுக்குப் புது விதிகள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன தீர்ப்புகள் பழைய விதிகளின் மேல் எழுந்தவை. அதனால் அவர்கள் என் உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு போய் அப்படியே மனு எழுதிவிட முடியாது, புது விதிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். ஆனால் சேர்ந்தபோது எடுத்த மருத்துவக் குறிப்பும், போஸ்டிங் விவரமும், போர்டின் முழு நகலும் அவர்களுக்கும் வேண்டும். அவற்றை யூனிட்டில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.