வால்பாறை: போற வழிதான் பார்க்கிற இடம்

"வால்பாறையில பார்க்க என்னங்க இருக்கு?" என்று பொள்ளாச்சி டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "தனியா ஒண்ணுமில்லீங்க. போற வழிதானுங்க பாக்கறது" என்றார். அப்போது சிரித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரலாம். குரங்கு அருவியில் விடுமுறை நாளென்றால் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும், நான் நிற்கவில்லை. ஒன்பதாவது வளைவில் மட்டும் கட்டாயம் இறங்குங்கள். லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை, ஏறி வந்த ரோடு மடிமடியாக. நான் அதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பின்னால் தடுப்புச் சுவர் மேல் ஒரு வரையாடு வந்து நின்றது. நம் மாநில விலங்கு! பத்தடி தூரத்தில், அசை போட்டபடி, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல். யாரோ பிஸ்கட்டை நீட்டினார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரோட்டோரத் தீனிக்குப் பழகினால் அது வண்டியில்தான் அடிபடும்.

கவர்க்கல் வந்ததும் பனிமூட்டம். பகல் பதினொரு மணிக்கே ஹெட்லைட். அதைத் தாண்டினால் தேயிலைதான், கண்ணுக்கெட்டிய வரை.

வால்பாறைக்குச் சற்று முன்பே புதுத்தோட்டம். அங்கே ரோட்டோர மரங்களில் சோலைமந்திகள் கூட்டமாக இருக்கும். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. ரோட்டுக்குக் குறுக்கே, தலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தாய் மந்தி ஒன்று குட்டியை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அதில் நடந்து போனதை அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்துவிட்டது.

நல்லமுடி பூஞ்சோலைக்கு மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். தேயிலைத் தோட்டம் வழியாக நடந்தால், விளிம்புக்கு அப்பால் பள்ளத்தாக்கு, எதிரே கேரளத்து மலைகள். வானம் தெளிவாக இருந்தால் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் தெரியும். எனக்குத் தெரிந்தது வெள்ளைச் சுவர் ஒன்றுதான். முக்கால் மணி நேரம் காத்திருந்ததில் லாபம், கணுக்காலில் இரண்டு அட்டைகள். பிடுங்கப் போன என்னைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மா அதட்டினார்: "இழுக்காத தம்பி, ரத்தம் நிக்காது!" மடியிலிருந்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை எடுத்து வைத்தார். இரண்டும் சுருண்டு விழுந்தன. மழைக்காலத்தில் போகிறவர்கள் உப்புப் பொட்டலம் எடுத்துப் போங்கள், என்னை மாதிரி செருப்போடு போகாதீர்கள்.

சோலையாறு அணைக்கு மதியத்துக்கு மேல் போகலாம், வெளிச்சம் நன்றாக இருக்கும். கூழாங்கல் ஆற்றில் காலை நனைத்துவிட்டு வாருங்கள், அவ்வளவு போதும். இந்தப் பக்கத்து ஆறுகள் சாதுவாகத்தான் தெரியும். பாறை வழுக்கும், திடீரென ஆழம் வரும். குளிக்கப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. சின்னக்கல்லாறு பக்கம் மழைக்குப் பேர்போனது. குடை பிரயோஜனப்படாது, ரெயின்கோட் வேண்டும்.

கிளம்புமுன் இ-பாஸ் நடைமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். நான் திரும்பவில்லை. ஆட்டோவில் வரும்போது தூரத்தில் கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. "பெரியவரு நிக்கறாருங்க" என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார். யானை பக்கத்தில் இருந்தால் எரியும் விளக்காம். இருட்டில் எதுவும் தெரியவில்லை. கிளை ஒடியும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் ஆட்டோவில் இருவரும் வாய் திறக்கவில்லை.