ஆமென் மிஸ்

தருமபுரியில் ஒரு கிறித்தவக் கல்லூரியில் பி.எட். படித்தேன். எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விளக்கேற்றாமல் காப்பிகூடக் கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் சாப்பலில் நின்று, ஜெபம் முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து "ஆமென்" சொல்லிச் சொல்லி, ஒரு வருடத்தில் நாக்கு பழகிவிட்டது. யாராவது ராகமாக எதையாவது பாடி நிறுத்தினால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

என் சித்தி படித்த காலத்தில் பி.எட். ஒரே வருடம். 2015-இல் அதை இரண்டு வருடமாக்கிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளிக்கூடத்துக்கே போய் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தது பென்னாகரம் சாலையில் ஓர் அரசுப் பள்ளி. முதல் நாள் காலை வணக்கக் கூட்டம். சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆசிரியர்கள் வரிசையில் நிற்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து "வாழ்த்துதுமே" என்று மூன்றாம் முறை முடிந்து, மைதானமே அடங்கிய அந்த ஒரு நொடியில் கணீரென்று ஒரு குரல்: "ஆமென்."

என் குரல்தான்.

தமிழய்யா மட்டும் பக்கத்தில் வந்து, "விடுங்கம்மா, தமிழ்த்தாய் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார். மதியத்துக்குள் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. சத்துணவு ஆயா வரை "ஆமென் மிஸ்".

இதற்கெல்லாம் கல்லூரியில் பயிற்சி கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் நுண்ணிலைக் கற்பித்தல். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களில் பிறந்த முறை. ஒரு திறனுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். கரும்பலகையை மறைக்காமல் எழுதுவது ஒரு தடவை, கேள்வி கேட்பது ஒரு தடவை, "மிக நன்று" என்று பாராட்டுவது ஒரு தடவை. மாணவர்களாக உட்காருவது நம் தோழிகளே. அவர்களைப் போல அடக்கமான பிள்ளைகளை நான் எங்குமே பார்த்ததில்லை. அடுத்து அவர்கள் பாடம் எடுக்கும்போது நாம்தானே மாணவி!

அப்புறம் பாடத்திட்டம். அதில் இரண்டு கட்டம். ஆசிரியர் என்ன செய்வார் என்பது ஒன்று, மாணவர் என்ன செய்வார் என்பது இன்னொன்று. முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் நடக்கப்போவதை "மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்" என்று இறந்தகாலத்தில் எழுதுவோம். ஜோசியக்காரர்களுக்குக்கூட இந்தத் தைரியம் கிடையாது.

எங்கள் கல்லூரி சிஸ்டர் என் வகுப்பைப் பார்க்க வருகிற நாளும் வந்தது. ஏழாம் வகுப்பு. நான் எடுத்துக்கொண்டது அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை. தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பதால் உள்ளூர்ச் சரக்கு, தப்பாது என்று நம்பினேன். சார்ட்டில் படம் வரைந்தால் போதாதென்று பஸ் ஸ்டாண்டு வாசலில் அரைக் கிலோ நெல்லிக்காய் வாங்கினேன். பதினேழு இருந்தது. வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். அந்தக் கணக்கை அப்போதே போட்டிருக்க வேண்டும்.

சிஸ்டர் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தார். நான் ஒரு காயை உயர்த்திப் பிடித்து, "இது என்ன?" என்றேன். பாடத்திட்டத்தில் எழுதியிருந்த பதில்: நெல்லிக்கனி.

வந்த பதில்: "மிஸ், உப்பு இருக்கா?"

சமாளித்து, அதியமான் ஆண்ட ஊர் இது என்று ஆரம்பித்தேன். "அதியமான்கோட்டையில எங்க அத்தை வீடு இருக்கு மிஸ், அங்க ராஜா யாரும் இல்ல" என்றான் ஒருவன். இன்னொருத்தி எழுந்து, "அவ்வையார் பாதி கடிச்சிட்டு மீதிய ராஜாவுக்குக் குடுத்திருக்கலாமே?" என்றாள். நியாயமான கேள்வி. புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் அவ்வை அதியமானை நீலகண்டனைப் போல நிலைத்து வாழ்க என்று வாழ்த்துகிறாரே தவிர, பாதிக் கனி பற்றிப் பேச்சே இல்லை. "மிக நன்று" என்று பாராட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

'சாதல் நீங்க எமக்கீந் தனையே' என்று எழுதி முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால் நல்ல அமைதி. கரும்பலகையை மறைக்காமல், சரியான கோணத்தில் நின்று எழுதினேன். பெருமையாகத்தான் இருந்தது. திரும்பினால் மேசையில் பை காலி. வகுப்பு முழுக்க கறுக் மொறுக். முதல் பெஞ்சில் நோட்டு அட்டை மேல் காகிதப் பொட்டலம், அதில் உப்பு, மிளகாய்த்தூள். எந்நேரமும் கையிருப்பில் வைத்திருப்பான் போல.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு ஒருவன் எழுந்தான். "அதியமான் கேக்காமயே குடுத்தாருங்களே மிஸ்."

கடைசி பெஞ்சில் ஒரு பெண் தன் பங்கைக் கடித்து, மீதிப் பாதியை சிஸ்டரிடம் நீட்டினாள். பாதி கேட்ட அதே பெண். சிஸ்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு வாங்கி வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மென்றார். அவர் விழுங்கியதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, நாற்பத்து மூன்று பேரும் ஒரே குரலில்: "ஆமென்!"

சாயங்காலம் என் ரெக்கார்டு திரும்பி வந்தது. குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையில் சிஸ்டர் எழுதியிருந்தார்: "கற்பித்தல் துணைக்கருவியை மாணவர்கள் முழுமையாகப் பயன்படுத்தினர். அடுத்த முறை ஒரு கிலோ வாங்கவும்."