மூன்று சுரைப்பிஞ்சு வெம்பிய பிறகு

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் மொட்டைமாடியில் இரண்டு க்ரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) சுரை விதை ஊன்றினேன். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. ஆறாம் நாள் முளை வந்தது. அதுவரை எல்லாம் சரி.

கொடி பந்தல் ஏறியும் வெறும் ஆண்பூவாகவே வந்தது. நீளக் காம்பு, அடியில் ஒன்றுமிருக்காது. பெண்பூ என்றால் பூவுக்குக் கீழேயே சுண்டுவிரல் அளவில் பிஞ்சு ஒட்டியிருக்கும். பக்கக் கிளையில்தான் பெண்பூ கூடுதலாக வரும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதால், மனசே இல்லாமல் தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளினேன். கிளைகள் வந்தன, பெண்பூவும் வந்தது. ஆனால் மூன்று பிஞ்சுகள் அடுத்தடுத்து மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்தன. சத்துக்குறை என்று முடிவுகட்டி இன்னும் உரம் போட்டேன். இலைதான் தாம்பாளம் மாதிரி விரிந்தது.

மகரந்தம் சேராமல்தான் பிஞ்சு உதிர்கிறதோ, கையால் தடவிப் பார்க்கலாம் என்று காலையில் போனால் பூ வாடித் தொங்கும். போன வருடம் பூசணிக்கு விடிகாலையில் தடவித்தான் காய் பிடித்தது. அதே கணக்கைச் சுரைக்கும் போட்டது என் தப்பு. ஒரு நாள் மழை வரும்போல இருக்கிறதே என்று சாயங்காலம் ஆறரை மணிக்குத் துணி எடுக்கப் போனேன். கசங்கிய டிஷ்யூ பேப்பர் பிரிவதுபோல வெள்ளைப் பூ அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. சுரை அந்தியில் பூத்து, இரவில் வரும் அந்துப்பூச்சிக்குக் காத்திருக்கிற செடி. “சாயங்காலம் ஒரு நாளாவது மாடி ஏறியிருந்தா தெரிஞ்சிருக்குமே” என்றார் அம்மா. உரத்துக்குச் செலவழித்த காசை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கே ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவிலிருந்த மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல். மூன்றாம் நாள் பிஞ்சு பச்சையாகவே இருந்தது. ஐந்தாம் நாள் கட்டைவிரலைவிடப் பெரிது. பதினான்காம் நாள் அறுத்தேன். முக்கால் கிலோ. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தோம்.

இப்போது இரண்டாவது பையில் ஒரு பிஞ்சில் பழ ஈ குத்திய தழும்பு, அதிலிருந்து பிசின் வடிகிறது. பழைய வேட்டியைக் கிழித்து மற்றப் பிஞ்சுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறேன்.