நெட் உளவியல் தேர்வு: புத்தகத்தை மூடிவைத்துப் படிக்கும் முறை

யுஜிசி நெட் தேர்வை உளவியலில் எழுதுபவர்களுக்கு மற்றத் துறையினருக்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. எதை எப்படிப் படித்தால் மனத்தில் தங்கும் என்பதே அவர்களுடைய பாடத்திட்டத்தின் ஐந்தாவது அலகில் ஒரு பாடமாக இருக்கிறது. இருந்தும், நினைவு குறித்த ஆய்வுகளின் ஆண்டுகளையெல்லாம் தலைகீழாக ஒப்பிக்கும் மாணவர்களில் பலர், அந்த ஆய்வுகள் எந்தப் பழக்கத்தைப் பயன் குறைந்தது என்று காட்டினவோ அதே பழக்கத்தில்தான், அதாவது வண்ணப் பேனாவால் அடிக்கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பதில்தான், பெரும்பாலான நேரத்தைச் செலவிடுகிறார்கள். உதவிப் பேராசிரியர் தகுதியை இத்தேர்வில் நான் பெற்ற பிறகு, நோட்ஸ் கேட்டு வரும் இளையவர்களிடம் நோட்ஸை விடப் படிக்கும் முறையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன்.

ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குவது நல்லது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: அவர்களுக்கு 83 விழுக்காடு, மற்றவர்களுக்கு 71 விழுக்காடு நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாக மாறி, முதல் குழுவினருக்கு 40 விழுக்காடும் இரண்டாம் குழுவினருக்கு 61 விழுக்காடும் எஞ்சியிருந்தன. தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு முறை புரட்டிவிட்டு “எல்லாம் தெரிகிறது” என்று தோன்றுவது எதனால் என்பதற்கும், அந்தத் தோற்றத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கும் இந்த நான்கு எண்களே போதுமானவை. டன்லாஸ்கி குழுவினர் 2013இல் பத்துப் படிப்பு உத்திகளை ஒப்பிட்டு, தன்னையே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் மட்டுமே உயர் பயனுள்ளவை என்று தரம் பிரித்தார்கள். அடிக்கோடிடுவதும் மறுவாசிப்பும் குறைந்த பயனுள்ளவை என்ற வரிசைக்குப் போயின.

படித்தது நாளாக நாளாக எப்படிக் குறைகிறது என்று காட்டும் எபிங்ஹாஸின் மறதி வளைவை இந்த இடத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், பெரும்பாலும் தவறாக. 1885இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் ஒரு நாளுக்குப் பிறகு உள்ள சுமார் 34 விழுக்காடு என்ற எண், நினைவில் நின்ற பகுதியின் அளவு அன்று. பொருளற்ற அசைகளை மறுபடி கற்கும்போது மிச்சமான நேரத்தின் அளவு. தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு அவர் செய்த ஆய்வு அது. “ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும்” என்று பயிற்சி மையங்களின் சுவரொட்டிகள் சொல்வதற்கும் இதற்கும் நிறைய தூரம். பொருள் புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாக மறந்துபோவதில்லை.

இனி ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு முறையைக் காட்டுகிறேன். ஊடகங்கள் உடல் பிம்பத்தின் மீது, அதாவது ஒருவர் தன் உடலைப் பற்றி மனத்தில் வைத்திருக்கும் சித்திரத்தின் மீது, செலுத்தும் தாக்கம் என்ற தலைப்பு இதற்கு வசதியானது, ஏனென்றால் இதில் கோட்பாடு, அளவுகோல், களஆய்வு ஆகிய மூன்றும் வருகின்றன. ஒரு முறை கவனமாகப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட வேண்டும். ஏ4 தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கத்தில் கேள்வியையும் வலப்பக்கத்தில் விடையையும் எழுத வேண்டும். கேள்விகளை “உடல் பிம்பம் என்றால் என்ன” என்று பொதுப்படையாக அமைத்தால் பயனில்லை. தேர்வில் கேள்வி எந்தத் திசையிலிருந்து வருமோ அந்தத் திசையிலேயே அமைக்க வேண்டும். “ஒன்பது உருவப் படங்களைக் கொண்ட அளவுகோல் யாருடையது?” ஸ்டங்கார்டும் அவர் குழுவினரும், 1983. “அதைப் பயன்படுத்திய ஃபாலனும் ரோசினும் 1985இல் கண்டது என்ன?” அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் தங்கள் இன்றைய உருவத்தைத் தாங்கள் விரும்பும் உருவத்தை விடப் பருமனாகக் குறித்தார்கள், ஆண்களிடம் சராசரியாக அத்தகைய இடைவெளி காணப்படவில்லை. “உடல் பிம்பத்தைப் பாதிப்பவற்றைச் சொல்லும் முத்தாக்க மாதிரியில் வரும் மூன்று மூலங்கள் எவை?” பெற்றோர், நண்பர், ஊடகம், தாம்சன் குழுவினர், 1999.

ஆன் பெக்கரின் ஃபிஜி ஆய்வுக்கு மட்டும் ஒரு முழுத் தாளை ஒதுக்கலாம். கட்டுமஸ்தான உடலை மதித்த ஒரு சமூகத்தில், நட்ரோகா மாகாணத்துக்குத் தொலைக்காட்சி வந்த 1995ஆம் ஆண்டிலும் அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் பள்ளி மாணவிகளிடம் ஒரே வினாநிரலைக் கொடுத்து அவர் ஆராய்ந்தார். உண்ணும் மனப்பாங்குத் தேர்வில் 20க்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களின், அதாவது உண்ணும் பழக்கத்தில் கோளாறு இருக்கக்கூடியவர்களின், பங்கு 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆக உயர்ந்தது. எடையைக் கட்டுப்படுத்துவதற்காகத் தாமாகவே வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் சுற்றில் ஒருவரும் இல்லை, இரண்டாம் சுற்றில் 11.3 விழுக்காட்டினர். இந்த எண்களோடு நின்றுவிட்டால் பாடம் பாதிதான் முடிந்ததாகும். இரண்டு சுற்றுகளிலும் பங்கேற்றவர்கள் ஒரே மாணவிகள் அல்லர். அதே காலத்தில் அங்கு வேறு சமூக மாற்றங்களும் நடந்துகொண்டிருந்தன. ஆகவே தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று இந்த ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. கூற்று – காரணம் வகைக் கேள்விகளில் மாணவர்கள் சறுக்குவது இதுபோன்ற இடங்களில்தான். எனவே ஒவ்வொரு ஆய்வின் தாளிலும் கடைசிக் கேள்வியாக “இது எதை நிறுவவில்லை?” என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பழக்கமான ஒன்றோடு பாடத்தை முடிச்சுப் போடுவதும் நினைவுக்குத் துணை செய்யும். மேலை நாட்டு ஆய்வுகள் மெலிவைச் சுற்றியே பேசும். நம் வீடுகளில் அதற்கு முன்பே நிறம் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. 1975 முதல் விற்பனையில் இருக்கும் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது நினைவில்லாதவர் இருக்க மாட்டார். விளம்பரம் முன்வைக்கும் அழகு இலக்கணத்தை ஒருவர் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும் அகவயமாக்கம் என்ற கருத்தை விளக்க, அந்த களிம்புக் குழாயை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதைத் தமிழிலேயே வாய்விட்டு ஒருவருக்கு விளக்கிவிட்டு, அதன் பிறகு ஆங்கிலக் கலைச்சொல்லைத் தாளில் எழுத வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால் கலைச்சொல்லை விட்டுவிட முடியாது. ஆனால் புரிதல் முதலில் தாய்மொழியில் அமைந்தால் கலைச்சொல் அதன்மேல் எளிதில் உட்கார்ந்துகொள்கிறது.

ஆண்டுகள் குழம்புவதுதான் உண்மையான தொல்லை. ஃபெஸ்டிங்கரின் சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு 1954, அறிதல் முரண்பாடு 1957. ஃபிரெட்ரிக்சன் ராபர்ட்ஸுடன் எழுதிய பொருளாக்கக் கோட்பாடு 1997, அவரே தனியாக முன்வைத்த நேர்மறை உணர்வுகள் பற்றிய கோட்பாடு 1998. ஒரே பெயருக்கு இரண்டு கோட்பாடுகள் இருந்தால் முன்னது பின்னதைத் தடுக்கும். குறுக்கீடு என்று நாம் படிப்பது இதைத்தான். இவற்றைத் தனித்தனி நாளில் படிப்பதை விட, ஒரே தாளில் எதிரெதிரே எழுதி எது முந்தியது என்று கேட்டுக்கொள்வதே எனக்குப் பயன்பட்டது. மறுநாள், நான்கைந்து நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து என்று தாள்களை மறுபடி எடுத்து, தவறிய கேள்விகளை மட்டும் முன்வரிசைக்குக் கொண்டுவந்தால் போதும். இந்த இடைவெளிகளைக் கணக்கிட்டுத் தரும் ‘அன்கி’ போன்ற செயலிகள் உண்டு என்றாலும், கையால் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல. முதலிடம் பெற்றவர்களின் பன்னிரண்டு மணி நேரப் படிப்புக் காணொளிகளும், முத்து முத்தான கையெழுத்தில் எழுதிய நோட்ஸ் படங்களும், அழகு வடிகட்டியில் சலித்தெடுத்த முகங்கள் ஒரு பதின்வயதுப் பெண்ணிடம் செய்யும் வேலையையே தேர்வுக்குப் படிப்பவரிடமும் செய்கின்றன. தேர்ந்தெடுத்துக் காட்டப்பட்ட ஒருவரோடு நம் முழு நாளையும் ஒப்பிட்டு, நாம் எதற்கும் உதவாதவர் என்று முடிவுகட்ட வைக்கின்றன. புறவயமான அளவுகோல் கிடைக்காதபோதுதான் மனிதர்கள் பிறரோடு தங்களை ஒப்பிடுகிறார்கள் என்பது ஃபெஸ்டிங்கர் வைத்த கருதுகோள். அப்படியானால் மருந்தும் அங்கேயே இருக்கிறது: வாரம் ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, அலகு வாரியாக மதிப்பெண்ணைக் குறித்து வந்தால், அடுத்தவரின் அட்டவணையைப் பார்க்க வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடும். காணொளிகளை மன உறுதியால் தவிர்க்க முயல்வதை விட இது நடைமுறைக்கு ஏற்றது.

தேர்வு நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முந்தைய இரவு தூங்க வேண்டும்; கற்றதற்குப் பிறகு தூங்கியவர்கள் குறைவாகவே மறந்தார்கள் என்று ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924லேயே காட்டிவிட்டார்கள். முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100 என 150 கேள்விகளுக்கு இடைவேளையின்றி மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் விட்டுவரக் கூடாது. மாநிலத் தகுதித் தேர்வான செட்டுக்கும் இதே பாடத்திட்டம்தான். ஆகவே தேர்வு முடிந்த கையோடு நீங்கள் எழுதிய கேள்வி–விடைத் தாள்களை எடைக்குப் போட்டுவிடாமல், தேர்வில் தவறவிட்ட கேள்விகளுக்கும் ஒவ்வொரு தாள் எழுதி அவற்றுடன் சேர்த்து வையுங்கள்.