ஏழாகத் தெரிந்த ஒரு வன்தட்டு

அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் ஒன்று அச்சிடப்போவதாகக் கனடாவிலிருந்து மச்சான் தொலைபேசியில் சொன்னான். அதற்குத் தேவையான படத்தைத் தான் 2003ஆம் ஆண்டிலேயே ஸ்கேன் செய்து, திருகோணமலை டைக் வீதி வீட்டுப் பழைய கணினியின் ஸ்கஸி என்ற பழைய இணைப்பு வகை வன்தட்டில் போட்டு வைத்ததாகவும், மூலப் படம் இருந்த அல்பத்தைக் கறையான் தின்றுவிட்டதால் வேறு வழியில்லை என்றும் விளக்கிவிட்டு, "இலேசா எடுக்கலாமடா மச்சான், அரை மணித்தியால வேலை" என்று முடித்தான். அந்த அரை மணித்தியாலம் சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை இருட்டும் வரை நீண்டது.

மாமா தமிழ்த் தட்டெழுத்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளையும் வெளியே எறிந்து அவருக்குப் பழக்கமில்லை. கணினி அவருடைய கட்டிலின் கீழே, ஒரு பழைய சாரத்தில் சுற்றப்பட்டு, நித்திரை கொள்ளும் குழந்தையைப் போல் கிடந்தது. அதை விறாந்தைக்கு இழுத்து வந்து பக்கத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே மூன்று பல்லி முட்டைகளும், கடற்காற்று இருபது ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த உப்புத் தூசியும் இருந்தன. முற்றத்துக் கத்தரிப் பாத்தியைச் சுற்றி நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த பழைய சீடீக்கள் வெயிலைத் திருப்பி என் கண்ணுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தன. பிரட்ரிக் கோட்டைப் பக்கத்திலிருந்து தெருவுலா வரும் புள்ளிமான்கள் அவற்றுக்குப் பயந்துதான் பாத்திக்குள் இறங்குவதில்லை என்பது மாமியின் கட்சி. மான்கள் பயப்படுவது மாமியின் விளக்குமாற்றுக்கு மட்டுமே என்பது மாமாவின் கட்சி. இந்த வழக்கு அந்த வீட்டில் பல ஆண்டுகளாகத் தீர்ப்பின்றி நடந்துவருகிறது.

கணினி பென்டியம் 3 வகையைச் சேர்ந்தது. பழைய வன்தட்டிலிருந்தே அதை இயக்கினால் அது எதையாவது எழுதித் தொலைத்துவிடும் என்ற பயத்தில், நான் கொண்டுபோயிருந்த, ஐடிஈ என்ற வேறு இணைப்பு வகையிலான 40 ஜிகாபைட் வன்தட்டைப் பொருத்தி, அதில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவத் தீர்மானித்தேன். வன்தட்டும் சீடீ ட்ரைவும் ஒரே கேபிளில் இருந்தன. இரண்டின் ஜம்பரும், அதாவது முள்களைச் சோடியாக இணைக்கும் குட்டித் தொப்பியும், மாஸ்டர் என்ற மூத்தவருக்குரிய இடத்தில் இருந்தன. ஆகவே இரண்டுமே கணினியின் கண்ணில் படவில்லை. ஒரு வீட்டில் இரண்டு மூத்த மருமக்கள் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சீடீ ட்ரைவை ஸ்லேவ், அதாவது இளையவர், ஆக்கினேன். 80 கம்பிக் கேபிளில் நீல முனை தாய்ப்பலகைக்கும், கறுப்பு முனை மாஸ்டருக்கும், நடுவிலுள்ள சாம்பல் நிற முனை ஸ்லேவுக்கும் உரியவை என்பதை அதன் பிறகே நினைத்துப் பார்த்து, தலைகீழாக மாட்டியிருந்ததைத் திருப்பி மாட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஐடிஈ வன்தட்டு 'ஏடிஏ0' என்ற பெயருடன் திரையில் வந்துவிட்டது. அத்துடன் வேலை முடிந்ததென்று மாமா நினைத்தார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய வன்தட்டைக் கணினியுடன் இணைக்கும் ஸ்கஸி அட்டை அடாப்டெக் 2940 வகை. அதன் தங்கப் பூச்சுத் தொடுமுனைகளை அழிறப்பரால் தேய்த்துப் பச்சை படிந்திருந்ததை நீக்கி, மறுபடி பொருத்தினேன். 50 முள் கேபிளை மாட்டி, மின்சாரம் கொடுத்து, கொன்ட்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்தி அட்டையின் சொந்தத் திரைக்குள் நுழைந்து, இணைந்திருக்கும் கருவிகளைத் தேடச் சொன்னேன். 0 என்ற எண்ணில் 4.3 ஜிகாபைட் வன்தட்டு ஒன்று இருப்பதாக அது சொன்னது. 1இலும் அதே வன்தட்டு. 2இலும் அதே. இப்படியே 6 வரைக்கும் ஏழு வன்தட்டுகள் வரிசையாக நின்றன. பெட்டிக்குள் இருந்ததோ ஒன்றே ஒன்றுதான்.

மாமா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு எண்ணிப் பார்த்தார். "ஒண்டு ஏழாப் போச்சே தம்பி! கன்னியாக் கிணறு மாதிரியல்லோ கிடக்கு!" என்றார். இராவணன் தன் தாயின் அந்திமக் கிரியைக்காக வாளால் ஏழிடத்தில் குத்தியதால் ஏழு வெந்நீரூற்றுகள் தோன்றின என்ற கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த வன்தட்டை யார் குத்தியது என்பதுதான் தெரியவில்லை. மகன் தமக்குத் தெரியாமல் ஏழு வாங்கி வைத்திருக்கிறான் என்ற மகிழ்ச்சி மாமாவின் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

விடை எளியது. 1986ஆம் ஆண்டில் தரமாக வெளியிடப்பட்ட ஸ்கஸி ஏற்பாட்டில், கருவிகளை ஒரே கேபிளில் கோக்கும் 8 பிட் அகலமுள்ள ஒரு தொடரில் எட்டு எண்கள் உண்டு. அவற்றில் 7 வழக்கமாகக் கட்டுப்பாட்டு அட்டைக்கு உரியது, மீதி ஏழும் கருவிகளுக்கு. யாரோ ஒரு புண்ணியவான் இந்த வன்தட்டுக்கும் 7ஐயே கொடுத்து வைத்திருந்தார். அட்டை எந்த எண்ணைக் கூப்பிடும்போதும் தன் அடையாளமாக 7ஐயும் சேர்த்தே சொல்லும்; 7 தன்னுடைய பெயர் என்று நம்பிய வன்தட்டு, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் "ஓம், நான்தான்" என்று எழுந்து நின்றிருக்கிறது. அந்த யாரோ நானே என்பதும், மச்சானின் மேற்பார்வையில் 2003இல் அந்த ஜம்பர்களை மாட்டியது என் கைதான் என்பதும் சனிக்கிழமை இரவு படுக்கையில்தான் நினைவுக்கு வந்தது; மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எண்ணைக் குறிக்கும் முள் இணைகள் மூன்று. அவற்றின் மதிப்பு 1, 2, 4. மூன்றிலும் ஜம்பர் இருந்தால் 7, ஒன்றிலும் இல்லாவிட்டால் 0. ஆனால் அதே வரிசையில் வேறு வேலைகளுக்கான முள்களும் இருந்தபடியால், சனிக்கிழமை காலையில் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடைக்குப் போய் அந்த வன்தட்டின் ஜம்பர் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து, விறாந்தைப் படியில் ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டுப் பிளேன்டீ குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கல் அதே இடத்தில் இருந்தது. படலைக்கு அருகில் ஒரு புள்ளிமான் நின்று, மிகுந்த பொறுமையுடன், தாளின் கடைசி மூலையை மென்றுகொண்டிருந்தது. எங்கள் ஊர் மான்கள் பேப்பரும் பொலித்தீனும் தின்று பழகியவை என்பது தெரிந்தே வைத்த எனக்கு அதனுடன் கோபிக்க உரிமையில்லை.

கைபேசியில் மறுபடி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "எல்லாவற்றையும் கழற்றினால் 0தானே" என்ற அறிவுத்தெளிவுடன், மாமியின் முள்வாங்கியால் நான்கு ஜம்பர்களையும் பிடுங்கித் தேத்தண்ணித் தட்டில் போட்டேன். நான்காவது எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை. வன்தட்டு இம்முறை ஒன்றாகவே தெரிந்தது. மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஃப்ரீபிஎஸ்டியின் வழக்கமான கர்னல், அதாவது அதன் உட்கரு, ஸ்கஸிக் கருவிகளைத் தேடுவதற்கு முன் 5000 மில்லி விநாடி, அதாவது 5 விநாடி, பொறுத்திருக்கும். மாமாவும் ஒவ்வொரு தடவையும் அதனுடன் சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டார். 'டிஏ0' வந்தது. பிரதியெடுக்க டிடி கட்டளையைக் கொடுத்தேன். சில மெகாபைட்டுகள் ஓடியதும் திரை நின்றது. பிறகு நேரம் கடந்துவிட்டது என்ற முறைப்பாடு. அதற்குப் பிறகு அட்டை தன் உள்நிலை முழுவதையும் பதினாறடிமான எண்களாகப் பக்கம் பக்கமாகத் திரையில் கொட்டியது. சாமியாடியவர் விழுந்து குறி சொல்வதைக் கேட்பதுபோல் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காவது ஜம்பர் தொடரின் முடிவுத்தடைக்கு உரியது. ஸ்கஸித் தொடரின் இரண்டு முனைகளிலும் முடிவுத்தடை இருக்க வேண்டும். ஒரு முனையில் அட்டை அதைத் தானே பார்த்துக்கொண்டது, மறு முனையில் இருந்ததை நான் பிடுங்கிவிட்டேன். இது ஏன் தேவையென்று மாமா கேட்டார். கோணேசர் மலையின் பாறையில் மோதுகிற அலை அப்படியே திரும்பி வந்து அடுத்த அலையைக் குழப்பும். பக்கத்திலேயே டச்சு விரிகுடா மணலில் ஏறுகிற அலை தணிந்து அடங்கிவிடும். கேபிளில் ஓடும் மின்சைகைதான் அலை; கேபிளின் வெறும் முனை பாறை, முடிவுத்தடை மணற்கரை. பழைய வகையில் 220 ஓம், 330 ஓம் என்ற இரண்டு தடைகள் ஒவ்வொரு கம்பியையும் பிடித்து வைத்திருக்கும். பின்னர் வந்த வகையில் 2.85 வோல்ட்டுக்கு ஒழுங்குபடுத்திய மின்னுடன் 110 ஓம் தடை. மாமா பாறையையும் மணலையும் உடனே ஏற்றுக்கொண்டார். ஓம் வந்ததும் தாமும் "ஓம்" என்றார்.

ஜம்பரை மறுபடி மாட்டத் தேடினால், தேத்தண்ணித் தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. ஐடிஈ வன்தட்டின் ஜம்பர் 2.54 மில்லிமீற்றர் இடைவெளிக்குரியது. ஸ்கஸி வன்தட்டிலிருந்ததோ 2 மில்லிமீற்றர் வகை. ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. குசினிக்குப் பின்னாலுள்ள வாய்க்காலில் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து, கையால் சேற்றைத் துழாவினேன். அவ்வளவு நேரமும் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி, கடைசியில் "என்னத்தைத் தம்பி தேடுறியள்?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ப் பழைய கற்பூரப் பேணி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். சட்டைப் பொத்தான்கள், ஊசிகள், ஒற்றைத் தோட்டின் சுரை ஆகியவற்றுக்கு நடுவே நான்கு ஜம்பர்களும் பத்திரமாக இருந்தன. பேரப்பிள்ளையின் கறுப்பு மணி அறுந்து விழுந்ததென்று நினைத்து எடுத்து வைத்தாராம்.

முடிவுத்தடை வந்ததும் டிடி ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது. பழுதடைந்த பகுதி வந்தாலும் நிற்காமல் தொடரும்படி சொல்லியிருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை. கால் மணித்தியாலத்தில் 4.3 ஜிகாபைட்டும் என் வன்தட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கிழட்டு வன்தட்டின் மீது சாட்டிய அத்தனை பழியும் பொய். தவறெல்லாம் மாட்டியவன் பக்கம். பிரதியை வாசிப்பு மட்டும் என்ற நிபந்தனையுடன் இணைத்துத் திறந்தேன். படங்களுக்கான கோப்புறையில் படம் ஒன்றுகூட இல்லை. ஒரேயொரு சிறிய எழுத்துக் கோப்பு மட்டும், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிந்திக் கிடந்தது.

கோப்பு கெட்டுவிட்டதென்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், மாமா மேசையில் விரல்களை வைத்தார். அது பாமினி. யூனிகோட் பரவுவதற்கு முன் இலங்கையில் தமிழ் தட்டியவர்களின் எழுத்துரு. பழைய தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் விசையமைப்பைப் பின்பற்றியது. திரையிலுள்ள ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் அவருடைய விரல் மேசைப்பலகையில் ஓரிடத்தைத் தட்டியது. தட்டிய விரல் சொன்னதை வாய் வாசித்தது. "அன்புள்ள அப்பா... டிஸ்கில்... இடம் போதவில்லை... படங்கள் எல்லாவற்றையும்... சீடீயில் எழுதி... அலுமாரிக்குள் வைத்துவிட்டு... இதிலிருந்து அழித்துவிட்டேன்."

விரல் நின்றது. மாமா மெதுவாகத் திரும்பி முற்றத்தைப் பார்த்தார்.

பத்து நிமிடத்தில் எல்லாச் சீடீக்களும் பாத்தியிலிருந்து அவிழ்க்கப்பட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவப்பட்டு, மேசையில் விரித்த துவாயில் காய்ந்தன. பெரும்பாலானவற்றின் பூச்சு வெயிலில் செதில் செதிலாக உரிந்து, கையில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. ஒன்றில் மட்டும் 'அம்மம்' என்ற எழுத்துகள் மங்கலாக மிஞ்சியிருந்தன; அதை ட்ரைவ் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து வெளியே துப்பிவிட்டது. ஆனால் கோப்பை அழித்தால் பெயரும் முகவரியும் போகுமே தவிர, அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை உள்ளடக்கம் தட்டிலேயே கிடக்கும். ஆகவே முழுப் பிரதியின் மீதும் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். அது கோப்புப் பெயர்களைப் பற்றிக் கவலைப்படாமல், ஜேபெக் படங்களின் தொடக்க அடையாளத்தைத் தேடி ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுக்கும். ஞாயிறு மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மம்மா கதிரையுடன் முழுமையாக வந்தார். மச்சானுக்கு அனுப்பினேன். "நான் சொன்னனான்தானே, இலேசான வேலையெண்டு" என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது முற்றத்திலிருந்து மாமி எங்களைக் கூப்பிட்டார். கத்தரிப் பாத்தியில் தண்டுகள் மட்டும் நின்றன. ஈர மண்ணெங்கும் குளம்புத் தடங்கள். மாமி இடுப்பில் கைவைத்து மாமாவைப் பார்த்தார்.

"இப்ப விளங்குதே, அந்தத் தட்டுகள் வேலை செய்ததெண்டு?"