மூணாம் நம்பர் பம்பின் சத்தம்

எங்கள் ஆலையின் வரவேற்பறையில் நிறுவன அமைப்புப் படம் ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். உச்சியில் நிர்வாக இயக்குநர், கீழே பெட்டி பெட்டியாகத் துறைகள். கொள்முதல் பிரிவில் சேர்ந்த முதல் வாரம் அதில் என் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டேன். இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது அந்தப் படத்தின் முன் நின்றால் என் கண் முதலில் போவது பெட்டிகளுக்கு நடுவே ஓடும் கோடுகளுக்கு. அந்தக் கோட்டில் ஏறிப்போகும் சேதி மேலே போய்ச் சேரும்போது என்னவாக இருக்கிறது?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது ஒரு பம்பு. இரவு ஷிப்ட் ஃபிட்டர் லாக் புக்கில் இப்படி எழுதியிருந்தார்: "பம்பு 3, மோட்டார் பக்கம் பேரிங் கரகரன்னு சத்தம். கை வைக்க முடியாத சூடு. உடனே மாத்தணும்." சூப்பர்வைசரின் வார ரிப்போர்ட்டில் அது "பம்பு 3-ல் லேசான சத்தம், கண்காணிப்பில் உள்ளது" என்று ஆனது. மேலாளரின் மாத ரிப்போர்ட்டில் "பம்புகள் அனைத்தும் இயக்கத்தில்". இயக்குநர்கள் பார்த்த ஸ்லைடில் பராமரிப்பு என்ற வரிக்கு நேரே ஒரு பச்சை வட்டம்.

யாரும் பொய் சொல்லவில்லை. பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, சூப்பர்வைசரும் தினமும் போய்ப் பார்த்தார். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரின் நேரத்தை மதித்துச் சுருக்கினார்கள். கூடவே, தன் பகுதியில் கோளாறு என்று எழுத யாருக்கும் கை வராது. சுருக்கும்போது முதலில் உதிர்ந்துபோனது அந்தச் சூடு.

இதில் என் பங்கும் உண்டு. பேரிங் வாங்கித்தரச் சொல்லி இண்டென்ட் (பொருள் கேட்கும் படிவம்) என் மேசைக்கு வந்திருந்தது. "அவசரம்" கட்டத்தில் டிக் இல்லை, மேலாளர் கையெழுத்தும் இல்லை. வழக்கமான படிவங்களின் கட்டோடு வைத்துவிட்டேன். ஃபிட்டர் ஒருநாள் நேரில் வந்து, "மேடம், அந்த பேரிங் தாங்காது மேடம்" என்றார். "மேனேஜர் கையெழுத்தோட வரட்டும்ணே" என்று அனுப்பிவைத்தேன். பதினோராம் நாள் ராத்திரி பேரிங் இறுகி நின்று, ஷாஃப்ட்டும் கெட்டு, உற்பத்தி இரண்டு நாள் படுத்தது. பிறகு அந்த நான்கு தாள்களையும் என் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அன்று தூக்கம் வரவில்லை.

அதற்காகக் கையெழுத்தே வேண்டாம், படிநிலையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். பத்துப் பேர் ஒருவரோடு ஒருவர் பேசி வேலை செய்தால் 45 ஜோடி. ஐம்பது பேரானால் 1,225. அத்தனை பேச்சையும் எந்த மனிதராலும் தாங்க முடியாது, அதனால்தான் அடுக்குகள் வந்தன. கையெழுத்து விதி இல்லாத இடத்தில் வேண்டியவர்களுக்கு ஆர்டர் போவதையும் பார்த்திருக்கிறேன்.

அடுக்குகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை அதிகம் ஈர்த்தவர் டேனியல் மெக்கல்லம். அமெரிக்காவில் நியூயார்க் அண்ட் ஈரி ரயில்வேயின் பொதுக் கண்காணிப்பாளர். ஐம்பது மைல் ரயில் பாதையை ஒருவர் நேரில் சுற்றிவந்தே கவனித்துக்கொள்ளலாம், ஐந்நூறு மைலுக்கு ஒரு முறைமை வேண்டும் என்பது அவர் கணிப்பு. 1855-ல் அவர் வரையவைத்த படத்தை நவீன அமைப்புப் படங்களில் முதலாவது என்பார்கள். அது ஒரு மரம் போல இருக்கும். தலைவரும் இயக்குநர்களும் அடியில், வேர்ப் பக்கம். கோட்டங்களும் நிலையங்களும் பணியாளர்களும் மேலே கிளைகளாக. ரயில்கள் எங்கே நிற்கின்றன என்ற சேதி தந்தியில் மணிக்கு மணி வந்துசேர ஏற்பாடு செய்தார். அன்றாட முடிவுகளை அந்தந்தக் கோட்டத்துக் கண்காணிப்பாளரே எடுத்தார். நாம் அந்த மரத்தைத் தலைகீழாக்கிச் சுவரில் மாட்டிக்கொண்டோம். சேதி மேலே வர அவர் போட்ட பாதையைப் பல இடங்களில் மறந்துவிட்டோம்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவப்பட்ட 1986 ஜனவரி 28 சாட்சி. அதை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய நாள் இரவு, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர் இருந்தால் ஏவக் கூடாது என்றார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் ராக்கெட் பாகங்களின் இணைப்பை அடைக்காது என்பது அவர்கள் பயம். அவர்களுடைய மேலாளர்களே அதைத் தள்ளிவிட்டார்கள். ஏவலாம் என்று இறுதி முடிவெடுத்த நாசா அதிகாரிகளுக்கு அந்த எழுத்துப்பூர்வ எச்சரிக்கை தெரியவே தெரியாது என்று விசாரணை ஆணையம் கண்டது. சேலஞ்சரில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். நான் இதைப் படிக்கும்போதெல்லாம் "கை வைக்க முடியாத சூடு" என்ற அந்த வரி நினைவுக்கு வரும்.

டொயோட்டா கார் ஆலையில் உற்பத்தி வரிசையில் நிற்கும் தொழிலாளி கோளாற்றைக் கண்டால் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். கோளாற்றைக் கண்ணால் பார்த்தவர் கையிலேயே கயிறு.

எங்களிடம் கயிறு இல்லை. அதனால் மீட்டிங்கில் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, ஃபிட்டரே அவசரம் என்று டிக் போட்டால் அன்றைக்கே ஆர்டர் போகட்டும், கையெழுத்தைப் பின்னால் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது, லாக் புக் வாசகம் எழுத்து மாறாமல் வார ரிப்போர்ட்டிலும் மாத ரிப்போர்ட்டிலும் ஒரு பத்தியாக ஏறட்டும். முதலாவதற்குப் பெரிய எதிர்ப்பு வரவில்லை. இரண்டாவதற்குத்தான் "இயக்குநருக்கு இதெல்லாம் எதுக்கு" என்று மூன்று மாதம் இழுத்தார்கள். விடாமல் கேட்டு வாங்கினேன்.

போன மாத ரிப்போர்ட்டில் "வால்வு பக்கம் சொட்டுது, பக்கெட் வெச்சிருக்கோம்" என்று ஒரு வரி இருந்தது. இயக்குநர் அதில் விரலை வைத்து, "இந்தப் பக்கெட் எத்தனை நாளா இருக்கு?" என்றார். மேசையைச் சுற்றி யாருக்கும் தெரியவில்லை. ஃபிட்டரை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள்.